பஸ் கட்டணமும் மாதத் தவணையும்: பொரளைக்கு வேலைக்கு வருவோரின் கடன் கணக்கு

கடனில் இருக்கும் ஒரு குடும்பம் செலவைக் குறைக்க உட்காரும்போது முதலில் கை வைப்பது சாப்பாட்டிலும் போக்குவரத்திலும்தான். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவையும் உடனே மாற்ற முடியாது. பஸ் காசும் ஓட்டோக் காசும் தினமும் கையிலிருந்து போவதால் அவை மட்டுமே வெட்டக்கூடியவை போலத் தெரிகின்றன. இந்தப் பார்வையில் ஒரு பிழை இருக்கிறது. வேலைக்குப் போய்வரும் செலவு உடுப்பு, கைத்தொலைபேசி போன்ற செலவுகளின் வரிசையில் நிற்பதில்லை. அது சம்பளத்தை ஈட்டுவதற்குக் கொடுக்கும் விலை. அதைக் கண்மூடி வெட்டினால் சம்பளமே ஆட்டம் காணும். அதைக் குறைப்பதாக எண்ணி லீசிங்கில் வண்டி எடுத்தால் அது கடனாகத் திரும்பி வரும். கொழும்பில் கடந்த சில ஆண்டுகளில் நடந்ததைப் பார்க்கும் எவருக்கும், பயணச் செலவையும் கடனையும் இரண்டு பக்கங்களில் எழுதி வைத்தால் இரண்டுமே விளங்காது என்பது தெரியவரும். கடனாளியின் கணக்கில் பஸ் கட்டணமே முதலில் கொடுத்துத் தீர்க்க வேண்டிய பாக்கி. வட்டிக்காரருக்கும் வங்கிக்கும் உரியது அதற்குப் பின்னால்தான் வரவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பொரளையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அங்கே வசிப்பவர்களைவிட அங்கே வேலைக்கு வருபவர்களாலேயே அந்தச் சந்தி நிரம்புகிறது. லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை, காசல் வீதி மகளிர் வைத்தியசாலை, சற்றுத் தள்ளித் தேசிய வைத்தியசாலை, ஆயுர்வேத வைத்தியசாலை, இவற்றைச் சுற்றி முளைத்த மருந்துக் கடைகளும் பரிசோதனை நிலையங்களும், வெலிக்கடைச் சிறைச்சாலை, அரச அலுவலகங்கள் எல்லாம் ஒன்றையொன்று அண்டி நிற்கின்றன. தாதியர், சிற்றூழியர், எழுதுவினைஞர், காவலாளிகள், துப்புரவுத் தொழிலாளர் ஆகியோரில் பெரும்பாலோருக்குக் கொழும்பு 8 இல் வீடு எடுக்கும் வசதி இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து 168, வெள்ளவத்தையிலிருந்து 154, கொட்டாவையிலிருந்து 174 என்று பஸ்கள் அவர்களைக் கொண்டுவந்து இறக்குகின்றன. களனிவெளி ரயிலில் வருபவர்கள் கோட்டா வீதி நிலையத்தில் இறங்கி நடக்கிறார்கள். இந்த ஏற்பாடு புதியதன்று. 1899 இல் கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியபோது போடப்பட்ட பாதைகளில் ஒன்று மருதானை வழியாகப் பொரளைக்கு வந்தது. 1960 இல் ட்ராம் நின்றுபோன பிறகு, அந்த அளவுக்கு நிலையான ஒன்று இந்தச் சந்திக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

2022 ஆம் ஆண்டு இந்த மனிதர்களின் கணக்கை எப்படிக் குலைத்தது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் போதும். 2021 இன் இறுதியில் ஆகக்குறைந்த பஸ் கட்டணம் 14 ரூபா. 2022 ஜனவரியில் அது 17 ஆனது; மார்ச்சில் 20, ஏப்ரலில் 27, மே மாதத்தில் 32, ஜூலை முதலாம் திகதி 40. மார்ச்சில் ரூபாவின் பெறுமதி மிதக்கவிடப்பட்டு, டீசல் லீற்றர் ஒன்று 121 ரூபாவிலிருந்து ஜூன் இறுதியில் 460 ரூபாவுக்குப் போனதன் நேரடி விளைவே மார்ச்சிலிருந்து வந்த ஏற்றங்கள். வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பொரளைக்கு இன்னொரு பஸ் என்று இரண்டு ஏறி, திரும்பவும் அப்படியே போகும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நான்குமே ஆகக்குறைந்த கட்டணப் பயணங்கள் என்றும், மாதம் 25 வேலை நாட்கள் என்றும் வைத்தால், 2021 இன் இறுதியில் அவருக்கு மாதம் 1,400 ரூபா போதும். 2022 ஜூலையில் 4,000 ரூபா வேண்டும். அன்றைய தேசிய ஆகக்குறைந்த சம்பளம், வரவுசெலவுத் திட்டப் படியையும் சேர்த்து, 16,000 ரூபா. ஏறக்குறைய ஒன்பது வீதமாக இருந்த பயணச் செலவு ஏழே மாதத்தில் சம்பளத்தின் கால்வாசி ஆகிவிட்டது. இதுவும் குறுந்தூரக் கணக்குத்தான். கொட்டாவையிலிருந்தும் ஹோமாகமையிலிருந்தும் வருபவரின் தொகை இதைவிடப் பெரிது.

கூடிய அந்த 2,600 ரூபாவைக் கடனின் மொழியில் சொன்னால் அதன் கனம் இன்னும் தெளிவாகும். வங்கிகளின் அடகு வட்டிக்கு மத்திய வங்கி பின்னர், 2023 ஓகஸ்ட்டில், விதித்த உச்ச வரம்பு ஆண்டுக்கு 18 வீதம். அந்த வீதத்தில் மாதம் 2,600 ரூபா வட்டி என்பது ஏறக்குறைய 173,000 ரூபா அடகுக் கடனுக்குச் சமம். ஒரு பவுண் நகைகூட அடகு வைக்காத ஒரு சிற்றூழியர், பஸ் கட்டணம் ஏறியதால் மட்டும், அவ்வளவு பெரிய கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டுபவரின் நிலைக்கு வந்துவிட்டார். ஏற்கெனவே கடன் இருந்தவர்களின் தலையில் அதே காலத்தில் இரண்டாவது அடியும் விழுந்தது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் ஏழு வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதுவரை 18 வீதத்துக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தப்பட்டிருந்த கடனட்டை வட்டி, வரம்பு நீங்கியதும் 30 வீதத்தைத் தாண்டியது. 2023 ஓகஸ்ட்டில்தான் அதற்கு 28 வீதம் என்ற உச்சம் மறுபடி வைக்கப்பட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். பொருளாதார நெருக்கடியின் தாக்கத்தை அறியத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வில், 60.5 வீதமான குடும்பங்களின் மாத வருமானம் குறைந்திருந்தது. பத்தில் ஒன்பதின் செலவு கூடியிருந்தது. ஐந்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை கடன்பட்டிருந்தன. சம்பளம் ஆண்டுக்கு ஒருமுறை அசைந்தாலே பெரிது. பஸ் கட்டணமோ அந்த ஆண்டில் எரிபொருளோடு சேர்ந்து சில மாதங்களுக்குள் பலமுறை அசைந்தது. நிலையான வட்டிக் கடனின் தவணை அசைவதே இல்லை. இந்த மூன்று வேகங்களுக்கும் நடுவில் ஏற்படும் பிளவைக் குடும்பம் எதைக் கொண்டு நிரப்புகிறது என்பதே கேள்வி.

விடை பெரும்பாலும் மாதத்தின் கடைசி வாரத்தில் கிடைக்கும். சம்பளம் மாதத்தில் ஒருநாள் வருகிறது. தவணையும் ஒருநாள் போகிறது. பஸ் காசு மட்டும் இருபத்தைந்து நாளும் சில்லறையாகப் போகிறது. கடனை விரைவில் முடிக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு சம்பள நாளன்றே இருப்பதையெல்லாம் கட்டிவிடுகிறவருக்கு இருபதாம் திகதிக்குப் பிறகு பஸ் ஏறக் காசு இராது. அப்போது ஒரு கைமாற்று. தெரிந்தவரிடம் வட்டியில்லாமல் கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது அக்கம்பக்கத்து வட்டிக்காசு. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி என்றால் அது ஆண்டுக்கு 120 வீதம். 18 வீத அடகுக் கடனில் கூடுதலாக ஆயிரம் ரூபா அடைத்த மகிழ்ச்சியில், அதே ஆயிரத்தை 120 வீதத்துக்குத் திரும்ப வாங்குகிறார் அவர். கடன் குறையவில்லை; மலிவான கடன் விலையேறிய கடனாக மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவேதான் பயணக் காசை முதற்பாக்கி என்கிறேன். சம்பள நாளன்று அந்த மாதத்துப் பஸ் காசை முழுவதுமாக எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மிச்சத்திலிருந்து தவணை கட்டுவது ஒழுக்கம் பற்றிய அறிவுரை போலக் கேட்கலாம். உண்மையில் அது வட்டிக் கணக்கு. தவணைத் திகதி சம்பளத்துக்கு முந்தி விழுகிறதென்றால், அதைப் பிந்திய திகதிக்கு மாற்றித் தரும்படி கடன் கொடுத்த நிறுவனத்தைக் கேட்பதும் இதே கணக்கில் சேரும்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு மோட்டார் சைக்கிள். பஸ்ஸுக்கு இவ்வளவு கொடுப்பதைவிட அந்தக் காசையே தவணையாகக் கட்டினால் வண்டி சொந்தமாகிவிடுமே என்று பலர் சொல்கிறார்கள். லீசிங் விளம்பரங்கள் அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு 300,000 ரூபா கடன், மூன்று ஆண்டு, ‘வருடத்துக்கு 14 வீதம்’ என்று வைத்துக்கொள்வோம். முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுக்கும் வட்டி போட்டு 36 ஆல் பிரித்தால் தவணை 11,833 ரூபா. ஆனால் மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வரும்போதும் வட்டி ஆரம்பத் தொகைக்கே வாங்கப்படுகிறது. குறைந்துசெல்லும் நிலுவைக்கு மட்டும் வட்டி கணித்தால் அதே தவணை ஏறக்குறைய 24 வீதத்துக்கு வரும். 14 என்று காதில் விழுவதும் 24 என்று கையிலிருந்து போவதும் ஒரே கடன்தான். இனி ஓட்டச் செலவு: நாளொன்றுக்குப் போகவர 40 கிலோமீற்றர், லீற்றருக்கு 40 கிலோமீற்றர், பெற்றோல் 300 ரூபா என்றால் மாதம் 7,500. தவணையோடு காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், டயர், சேர்விஸ் எல்லாம் சேர மாதம் 20,000 ரூபாவைத் தாண்டும். அதே தூரத்துக்குப் பஸ்ஸில் ஒரு வழிக்கு 130 ரூபா போனாலும் மாதம் 6,500. கவனிக்க வேண்டியது என்னவென்றால், வண்டி முழுக்கச் சொந்தமான பிறகும் பெற்றோல் செலவு மட்டுமே பஸ் கட்டணத்தைவிடக் கூட. பஸ் காசு தவணையாக மாறும் என்ற வாக்கியம் இந்தக் கணக்கில் எங்குமே உண்மையாவதில்லை. பஸ் கட்டணம் இன்னொரு மடங்கு ஏறினாலும் ஆகாது.

இரண்டு சந்தர்ப்பங்களை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்று, வண்டியே தொழில் கருவியாகும்போது. வேலை முடிந்து மாலையில் உணவு விநியோகம் செய்பவரின் தவணை போக்குவரத்துச் செலவன்று, முதலீடு. அதை அந்த வருமானத்தோடு ஒப்பிட வேண்டும். மற்றது, இரவுப் பணி. வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவரின் மாறுபணி பின்னிரவில் முடிகிறதென்றால் அந்த நேரத்தில் அவருடைய ஊருக்குப் பஸ் இல்லை. ஒருமுறை ஓட்டோ பிடித்தால் ஒரு வாரப் பஸ் காசு போய்விடும். பெண்களுக்கு இதில் பாதுகாப்புக் கேள்வியும் சேர்கிறது. அப்படிப்பட்டவர் வண்டி எடுப்பதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இவை விதிவிலக்குகள். பகலில் போய் மாலையில் திரும்புகிறவருக்கு இவை பொருந்தா. மூன்றாவதாகச் சொல்லப்படும் நியாயம், வண்டியின் விலை ஏறுகிறது, ஆகவே லீசிங்கில் நட்டமில்லை என்பது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை உண்மையாகவே ஏறியது. வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் இருந்தார்கள். ஆனால் வேலைக்குப் போக வைத்திருக்கும் வண்டியை விற்றால் மறுநாள் எதில் போவது? அந்த இலாபம் கையில் வராத இலாபம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டபோது, தட்டுப்பாட்டை நம்பி எடுத்த கடன்களின் அடிப்படையும் தளர்ந்தது.

வேலைத்தலத்துக்குக் கிட்ட வீடு எடுத்தால் பயணச் செலவே இல்லையே என்பது இன்னொரு மறுப்பு. கொழும்பில் வாடகை வீட்டுக்கு மாதக்கணக்கான முற்பணம் கேட்பது வழக்கம். கடனில் இருப்பவர் அந்த முற்பணத்துக்கும் நகையைத்தான் அடகு வைக்கச் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோவார். மாதம் ஐயாயிரம் ரூபா பஸ் காசை மிச்சம்பிடிக்க அதற்கு மேலான வட்டியும் வாடகை வித்தியாசமும் கொடுப்பார். தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1983 ஜூலை 24 இரவு கனத்தை மயானத்தில் திரண்ட கூட்டத்திலிருந்து தொடங்கிய வன்முறை முதலில் எரித்தது பொரளையைத்தான். அதை நேரில் கண்டவர்களும் அவர்களிடம் கேட்டு வளர்ந்தவர்களும் வீடு தேடும்போது வெள்ளவத்தையையும் கொட்டாஞ்சேனையையும் நாடுவதைச் சந்தைக் கணக்கால் மட்டும் அளக்க முடியாது. தம்மவர் நடுவே இருப்பதற்காக அவர்கள் கொடுக்கும் பஸ் கட்டணத்தை வீண்செலவு என்று எவரும் சொல்லக் கூடாது. சைக்கிளைப் பற்றிச் சொன்னால், இந்த இரு இடங்களிலிருந்தும் பொரளை சைக்கிளுக்கு எட்டாத தூரமில்லை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒரு குடாநாடே சைக்கிளில் வாழ்ந்ததை யாழ்ப்பாணத்தார் அறிவார்கள். 2022 இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது கொழும்பிலும் சைக்கிளுக்குக் கேள்வி கூடியது. ஆனால் பேஸ்லைன் வீதியில் லொறிகளுக்கும் பஸ்களுக்கும் இடையே சைக்கிள் ஓடத் தனிப் பாதை இல்லாதவரை, இதை எல்லோருக்குமான வழியாகச் சொல்வது பொறுப்பற்றது.

கடன்களுக்குள்ளேயும் ஒரு வரிசை உண்டு. அரச உத்தியோகத்தருக்குச் சம்பளத்திலிருந்து கழிக்கப்படும் இடர் கடனின் வட்டி 4.2 வீதம், 2023 உச்ச வரம்பின்படி அடகு 18, கடனட்டை 28, நுண்கடனுக்கு 35 வீதம்வரை அனுமதி இருந்தது, தெருவில் வாங்குவது 120. கையில் மிஞ்சும் இரண்டாயிரம் ரூபாவை எல்லாக் கடனுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பது நியாயம் போலத் தோன்றும், ஆனால் நட்டம். குறைந்த வட்டிக் கடனுக்கு அதன் தவணையை மட்டும் கட்டிக்கொண்டு, மிஞ்சுவதை முழுவதும் ஆகக்கூடிய வட்டிக் கடனில் போட வேண்டும். நகை குடும்பத்தின் மானம் என்பதால் அடகை முதலில் மீட்கத் துடிக்கிறோம். அந்த உணர்ச்சியை மதிக்கிறேன். ஆனாலும் கடனட்டை நிலுவை இருக்கும்போது அடகுக்குரிய வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவைத்துவிட்டு, நிலுவையைத் தீர்த்த பிறகு நகையை மீட்பதே மலிவு.

இவ்வளவும் குடும்பம் செய்யக்கூடியவை. இனி வருவது குடும்பத்தால் முடியாதது. குறைந்த சம்பளத்தில் இருப்பவர் சம்பள நாளன்று பஸ் காசை ஒதுக்கிவைத்தாலும், வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் அதை எடுக்காமல் இருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒதுக்கிய காசு காசாகவே கிடந்தால் அது செலவாகும். சீட்டாக மாறியிருந்தால் செலவாகாது. களனிவெளிப் பாதையில் ரயில் சீசன் எடுக்கும் பயணிக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது: மாதத் தொடக்கத்தில் ஒரு தடவை கட்டினால் கடைசி வாரம் கையில் ஒரு சதம் இல்லாவிட்டாலும் அவர் வேலைக்குப் போய்விடுவார். தனியார் பஸ்ஸில் வரும் பயணிக்கு அது இல்லை. காரணம் பஸ் தொழிலின் அமைப்பு. 1958 இல் அரசுடைமையான பஸ் சேவை 1979 இலிருந்து தனியாருக்குத் திறக்கப்பட்ட பிறகு, ஒன்றோ இரண்டோ பஸ் வைத்திருக்கும் முதலாளிகளின் கையில் பெரும்பகுதி வந்தது. சாரதியும் நடத்துநரும் அன்றன்றைய வசூலிலிருந்து பங்கு எடுக்கிறார்கள். ஒரு பஸ்ஸில் வாங்கிய மாதச் சீட்டை இன்னொரு முதலாளியின் பஸ்ஸில் ஏற்க வேண்டுமானால், காசைத் திரட்டிப் பங்கிட ஒரு பொது ஏற்பாடு வேண்டும். அதை மேல் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபையும் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழுவும் முன்னின்று செய்யாமல் எந்தத் தனி முதலாளியும் செய்ய முடியாது.

நாடு கடனில் மூழ்கி, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்துக்குள் போயிருக்கையில் மானியம் கேட்பதா என்று சிலர் சொல்லக்கூடும். மாதச் சீட்டு மானியமன்று. முன்கூட்டிக் கட்டும் காசு. மானியமே கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அண்டையில் சான்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 இந்திய ரூபா மிச்சமாவதாக அந்த மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. வீட்டுவேலைக்கும் கடைவேலைக்கும் போகும் பெண்ணின் சம்பளத்தில் அது சிறு தொகை இல்லை. இலங்கை இன்று அந்த அளவுக்குப் போக முடியாமல் இருக்கலாம். ஆனால் பயணச் செலவில் கைவைத்தால் அது குடும்பத்தின் வரவாகிறது என்பதை அந்த ஆய்வு காட்டிவிட்டது.

மாலபேயிலிருந்து ராஜகிரிய, பொரளை வழியாகக் கோட்டைக்கு இலகு ரயில் போட 2019 இல் ஜப்பானோடு உடன்படிக்கையானது. 0.1 வீத வட்டி, 40 ஆண்டுத் தவணை. 2020 செப்டெம்பரில் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஒரு நாட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஆக மலிவான கடனில் அமையவிருந்த பாதை அது. அது வராததால், அந்த வழியில் வேலைக்கு வரும் பலர் தங்கள் பயணத்தை 24 வீதக் கடனில் தாங்களே வாங்கிக்கொள்கிறார்கள். அரசு எடுக்காத கடனைக் குடும்பங்கள் பன்மடங்கு வட்டியில், ஒவ்வொரு மோட்டார் சைக்கிளாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. இந்த இடமாற்றம் எந்த வரவுசெலவு அறிக்கையிலும் வருவதில்லை. ஆகவே அதன் செலவை எவரும் கேட்பதுமில்லை.

உடனடியாகச் செய்யக்கூடிய ஒன்று மத்திய வங்கியின் கையிலேயே இருக்கிறது. 2023 ஓகஸ்ட் ஆணை அடகுக்கும் கடனட்டைக்கும் தற்காலிக மேலதிகப் பற்றுக்கும் உச்சம் வைத்தது. லீசிங்கை அதில் சேர்க்கவில்லை. உச்ச வரம்பு கடன் வழங்கலையே சுருக்கிவிடும் என்ற அச்சத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். வரம்பு வைக்காவிட்டாலும், ஒவ்வொரு லீசிங் ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திலும் குறைந்துசெல்லும் நிலுவைக்குக் கணித்த உண்மையான வட்டி வீதத்தையும், மூன்று ஆண்டில் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும், கையெழுத்துப் போடுபவர் வாசிக்கும் மொழியில் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லலாம். பொரளைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் ஒருவர் 11,833 ரூபாவையும் தன் மாதப் பஸ் காசையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க, அதற்கு மேல் எந்தப் பொருளாதார அறிவும் தேவைப்படாது.